முதலில் றக்பியைத் தடுக்கட்டும்!

கேள்வி: மகன் உதைபந்தாட்டத்தில் பின்கள வீரன். இதையே தொழிலாக்கிப் பிழைக்க முடியுமா? – ஒரு தகப்பன், கட்டுகஸ்தோட்டை

பதில்: கண்டியில் அவன் முதலில் தடுக்க வேண்டியது எதிரணியை அல்ல, றக்பியை! 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகம் நித்தவெலையில் இறங்கினால் ஊரே அங்கேதான். போகம்பரையில் உருண்டைப் பந்தைப் பார்க்க வருபவர்களை உட்காரவைத்துத் தேநீரே கொடுக்கலாம்.

அதையும் மீறினால், இராணுவம், விமானப்படை, பொலிஸ் அணிகளில் மாதச் சம்பளம் நிச்சயம். இல்லையேல் கடல் கடக்க வேண்டும். தேசிய அணியின் பின்களத்தில் நின்ற மன்னார் வீரர் அமரர் டக்சன் பியூஸ்லஸ், மாலைதீவில் வலென்சியா கழகத்துக்கு ஆடினார். எதிர்த்திசையிலும் ஆள் வருகிறது: ஜெர்மனியின் டைனமோ டிரெஸ்டனுக்கு ஆடிய கிளாடியோ கம்மர்க்னெக்ட் இலங்கைச் சட்டை அணிகிறார்.

ஒரு எச்சரிக்கை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஆகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. அந்த அடியைத் தடுக்க எந்தப் பின்கள வீரனாலும் ஆகாது.

பெண் வீட்டார் கேட்டால் மட்டும், மாப்பிள்ளை பாதுகாப்புத் துறையில் என்று சொல்லிவையுங்கள். இராணுவ அணியில் சேர்ந்துவிட்டால் அது பொய்யுமில்லை.