மூன்றே நாளில் ஜெர்மனியை எடைபோடுவது எப்படி?

அக்டோபரில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் தொடங்குகிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஆகன், கெம்னிட்ஸ், மாக்டபர்க் என்று மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து விசாவுக்குக் கட்டாயமாகிவிட்ட, படிப்புச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு ஒரு கன்சல்டன்சி. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல், அதாவது 11,904 யூரோவை, பிளாக்டு அக்கவுண்ட்டில் போட்டு மாதம் 992 யூரோவாகத் திரும்ப எடுப்பது எப்படி என்று சொல்ல யூடியூபில் ஓர் அண்ணன். பெட்டி கட்டச் சித்தி. போய் இறங்கியதும் அந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. பாவம், பிள்ளைகள் தாங்களாகவே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு.

கிளம்பும் முன்பே முடிவெடுங்கள்

அபிப்பிராயத்தை ஊரிலேயே தயார் செய்து கையோடு கொண்டுபோக வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், குளிரில் யோசனை ஓடாது. தயார்ச் சரக்குக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. “அங்கெல்லாம் ரோட்டுல ஒரு காகிதம் பார்க்க முடியாது.” “டைம்னா டைம், ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்காது.” “பெத்தவங்களையே கண்டுக்க மாட்டாங்க.” சொன்னவர்கள் யாரும் ஜெர்மனி போனதில்லையே என்று தயங்க வேண்டாம். போய்வந்தவர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை.

டைம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர ரயில்களில் 2024-ல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அது தாமதமே இல்லை என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜுக்கு வெளியே காரணம் தெரியாமல் நின்று நின்று வளர்ந்த உங்களுக்கு, அங்கே பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது ஊர் ஞாபகம் வரும். வரட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எழுதிவிடாதீர்கள். பணம் புரட்டிய அப்பா, இதைக் கேட்கவா கடன் வாங்கினார்?

பெட்டியைப் பற்றி ஒரு சொல். குக்கர், பருப்புப்பொடி, ஊறுகாய், குளியலறை மக்கு எல்லாம் போகும். மக்கை மறந்தால் மீதி எதை எடுத்துப்போயும் பயனில்லை, அங்கே காகிதம்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இறைச்சியையும் பால்பொருளையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்யும் பால்பொருள்தான். இதை அம்மாவிடம் சொல்லும் பொறுப்பை அப்பாவிடம் விட்டுவிடுங்கள்.

முதல் நாள்: அமைதியான மக்கள்

இறங்கிய அன்று ராத்திரி தூக்கம் வராது. நேர வித்தியாசம் என்பார்கள், நம்பாதீர்கள். கூடூர் லைனில் விடிய விடிய கூட்ஸ் வண்டி, ஜி.என்.டி. ரோட்டில் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் கன்டெய்னர் லாரி, சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ரோலிங் மில்லின் இரைச்சல், இவற்றையே தாலாட்டாகக் கேட்டுத் தூங்கிய காது அது. அங்கே ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அப்படித்தான். ஞாயிறன்று சுவரில் டிரில் போடக் கூடாது. காலி கண்ணாடி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போடவும் கூடாது, விழுந்து உடையும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம். கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்து, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்தவர்கள், மறுநாள் பருப்புப்பொடியை வெறும் கையில் கொட்டிச் சாப்பிட வேண்டியதுதான். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் திறந்திருக்கும் என்பது திங்கட்கிழமைதான் தெரியவரும்.

எழுத வேண்டிய வாக்கியம்: “இங்கே எல்லாரும் ரொம்ப அமைதியானவர்கள்.” அடுத்த சனிக்கிழமை கால்பந்து ரசிகர்கள் நிரம்பிய ரயிலில் ஏறும்வரை இது செல்லும்.

இரண்டாம் நாள்: வகுப்பும் சாப்பாடும்

கால அட்டவணையில் 10 மணி என்று போட்டிருந்தால் பல இடங்களில் வகுப்பு 10.15-க்குத்தான் தொடங்கும். கால் மணி நேரம் பல்கலைக்கழக மரபு. 9.45-க்கே போய்ப் பூட்டிய கதவின்முன் நிற்பவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தான். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டாமல் பெஞ்சைத் தட்டுவார்கள். பேராசிரியரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று பயந்துவிட வேண்டாம்; மரியாதை அது. நம் கல்லூரியில் பெஞ்சைத் தட்டிய காலத்தில் நமக்கு இந்தப் பெயர் கிடைக்கவில்லை.

ஓட்டலில் தண்ணீர் கேட்டால் காற்றடைத்த சோடா வரும், அதற்குக் காசும் வாங்குவார்கள். ராத்திரி சாப்பாடு பல வீடுகளில் ஆறிய ரொட்டியும் சீஸும். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம், அம்மா அழுவார்.

மூன்றாம் நாள்: பார்க்கக் கூடாதவை

பெரும்பாலான கையேடுகள் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். நிபுணனுக்கு எதைப் பார்க்கக் கூடாது என்பதே முக்கியம்.

எடுத்துக்காட்டாக, ரயில் நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் முதியவர். அங்கே 2003-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் வைப்புத்தொகை உண்டு. இப்போது ஒன்றுக்கு 25 சென்ட். சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் காலி பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும், சீட்டுக்குக் காசு. வேலை முடிந்து போகிறவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்கிறார்கள். அதைப் பொறுக்குகிறார் இவர். நல்ல கோட்டும் தொப்பியும் போட்டிருப்பார். பென்ஷன் வாங்குபவராகக்கூட இருக்கலாம். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த “பணக்கார நாடு” என்ற அபிப்பிராயத்தில் இவரை எங்கே உட்காரவைப்பது? கஷ்டம். அதனால் பார்க்காமல் கடந்துவிடுங்கள்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இங்கே கூடுதல் சிரமம் உண்டு. நம் ஊர் ஃபர்னஸ்களுக்குத் தீனியே ஸ்கிராப்தான். யாரோ எங்கோ பொறுக்கிய இரும்பு, எடைக்கடை மாறி, லாரி மாறி, சிப்காட்டுக்கு வந்து உருகி, கம்பியாகிப் போகிறது. அந்த ஃபர்னஸ் சம்பளத்தில் படித்த பிள்ளைக்கு, பொறுக்குகிற ஆளைப் பார்த்தால் அவர் செய்வது என்ன என்று சட்டெனப் புரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் படும். சிலர் காலி பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல், வெளியே காலடியில் நிறுத்திவைத்துவிட்டுப் போவார்கள், அடுத்து வருபவர் குப்பைக்குள் கைவிட வேண்டாமே என்று. மூன்று நாளில் இதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தால் முடிவு எட்ட மூன்று வருடம் ஆகும். கையேட்டின் தலைப்பே பொய்யாகிவிடும்.

வெளிநாட்டவர்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதிலிருந்தும் கற்கலாம். பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்கள் கையேட்டின்படி நடந்தவர்கள். துணி விலையைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று, 1613-ல் கெல்ட்ரியா கோட்டை வந்துவிட்டது. கோட்டை இன்று இடிபாடு. எழுத்து வெட்டிய கல்லறைகள் மிச்சம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் வேறு மாதிரி. 1863-ல் பூண்டிப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் குனிந்து தரையைப் பார்த்தார், கூழாங்கல் நடுவே கற்கருவி கிடந்தது. அங்கே கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள். ஃபூட் தொடங்கிவைத்த பார்வை முடிய 148 வருடம். உங்களுக்கு விசா அவ்வளவு நாள் கிடையாது.

எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள்

இந்த விதியை மீறிய பெரிய மனிதர் ஒருவர் உண்டு. சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17-ல் சென்னையில் நெவாசா கப்பலேறி, ஏப்ரல் நடுவில் லண்டன் போய்ச் சேர்ந்து, கேம்பிரிட்ஜில் தங்கினார். ராத்திரியில் குளிர் தாங்கவில்லை. ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்துப் பார்த்தார். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், அவரைப் பார்க்கப் போனபோது, ராமானுஜன் இந்தக் குளிரைப் பற்றிச் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் கட்டிலில் இறுக்கிச் செருகியபடியே இருக்கின்றன. ராமானுஜன் அவற்றின்மேல் படுத்திருக்கிறார். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று மகலனோபிஸ் காட்டினார், பிரச்சினை தீர்ந்தது.

எவ்வளவு நல்ல அபிப்பிராயம் கெட்டுப்போயிற்று பாருங்கள். வாய் திறக்காமல் இருந்திருந்தால், “இங்கிலாந்தில் போர்த்திக்கொள்ளக்கூட எதுவும் தரமாட்டார்கள்” என்று ஊருக்கு ஒரு தகவல் வந்திருக்கும். மூன்று தலைமுறை அதைச் சொல்லியிருக்கும். ஒரு வார்த்தை பேசியதால் வெறும் கம்பளியோடு முடிந்துவிட்டது.

அவர்கள் உங்களை எடைபோடும்போது

இந்தப் பகுதியைக் கன்சல்டன்சிகள் சொல்வதில்லை. நீங்கள் மூன்று நாள் எடுத்துக்கொள்வீர்கள். எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு நிமிடம் போதும். இரண்டு பேருக்கான வீட்டில் ஐந்து பேர். டிராமில் ஸ்பீக்கரைப் போட்டு வீட்டோடு வீடியோ கால். கடுகு தாளிக்கும் வாசனை மாடிப்படி வரை. கூட்டமாகவே போவது, கூட்டமாகவே வருவது, ஊருக்கே புரியாத பாஷையில் சிரிப்பது. வாடகை விளம்பரத்துக்கு எழுதிய கடிதங்களில், உங்கள் பெயரைப் பார்த்ததோடு மூடப்பட்டவை எத்தனை என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

பதற வேண்டாம். இந்த வசனங்கள் உங்களுக்கு மனப்பாடம். “ஒரு ரூம்ல பத்து பேரு இருப்பானுங்க.” “போன்ல கத்திக் கத்திப் பேசுவானுங்க.” “வருஷம் ஆனாலும் தமிழ் கத்துக்க மாட்டானுங்க.” கவரப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் நடுவே, பெட்டி நிறைய ஒடிசாக்காரரும் பிகார்க்காரரும் நின்றுகொண்டு வந்த ரயிலில், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கேட்டவை. சில நாமே சொன்னவை. ஜெர்மனில் கேட்கும்போது பொருள் புரிய அகராதி தேவைப்படாது.

அந்தப் பெட்டியில் நின்ற பையனும் உங்கள் வயதுதான். அவனும் வீட்டில் சொன்னதை நம்பித்தான் கும்மிடிப்பூண்டியில் இறங்கினான். ரொட்டி கேட்டான், இட்லி வந்தது. ஸ்டேஷன் போர்டில் ஊர்ப் பெயரை இந்தியில் படித்துவிட்டு, அதற்குப் பிறகு படிக்க எதுவும் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஜெர்மன் ஏ-1 வகுப்புக்கு நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ்முல்லர் பவன் இருந்தது. அவனுக்குத் தமிழ் வகுப்பு எடுத்தது டீக்கடை. சான்றிதழ் இல்லை, பரீட்சை தினமும். பிளாக்டு அக்கவுண்ட்டும் அவனுக்கு இல்லை, பணம் இங்கிருந்து அங்கே போகிறது.

வெளிநாட்டில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று யூடியூப் அண்ணனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நம் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபீஸ் கிடையாது. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள், பையா என்று கூப்பிடாமல் பெயரைக் கேளுங்கள், வந்த புதிதில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். டீக்குக் காசு நீங்கள் கொடுங்கள்.