கண்ணு, வண்டி அப்டேட் ஆவுதா?

இன்னா கண்ணு, வாசல்லயே நின்னுக்கினு கீற? வண்டி கிளம்பலையா? அப்டேட் ஆவுதா? எந்நேரமா? முக்கா மணி நேரமாவா? அட ராமா. நாப்பது வருஷமா இந்த ஆரணியில வண்டி ஓட்டறேன். பெட்ரோல் தீர்ந்து நின்னிருக்கேன். பஞ்சராகி நின்னிருக்கேன். போலீஸ்காரரு கை காட்டி நின்னிருக்கேன். "வண்டி படிச்சுக்கினு கீது, முடிச்சிட்டு வரும்"னு நிக்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

உட்காரு. இப்படித் திண்ணையில உட்காரு. தறிக்குழி பக்கம் போவாத, உன் வெள்ளை பேன்ட்டுக்கு ஆவாது.

கரண்ட் வண்டியப் பத்திக் கெழவனுக்கு இன்னா தெரியும்னு சிரிக்கிறியா? சிரி சிரி. பன்னெண்டு பதிமூணு வருஷம் முன்னாடியே ஒண்ணு வாங்கி அனுபவிச்சவன்டா நானு. யாரு செஞ்ச வண்டின்னு கேக்காத. அத்த வித்த கடையில இப்ப செல்போன் கவர் விக்கறாங்க. லைசென்ஸ் வேணாம், நம்பர் பிளேட்டு வேணாம்னான். ஏன் வேணாம்? மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல போவாது, மோட்டாரு 250 வாட்டுக்குள்ள, அதனால சட்டத்துக்கு அது வண்டியே இல்ல. எனக்குத் தெரியல. வண்டின்னு நெனைச்சுக் காசு குடுத்துட்டேன்.

ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர்னு சொன்னான். யாரு ஏறினா அறுபதுன்னு நான் கேட்டேனா? கேக்கல. கடைக்காரன் தம்பி ஏறி ஓட்டிக் காமிச்சான், நம்ம தறி நாடா மாதிரி ஒல்லியா இருந்தான். நானு, பின்னாடி எங்க வூட்டுக்காரி, கால் வெக்கற எடத்துல புடவை மூட்டை. தேவிகாபுரம் போயி பெரியநாயகி அம்மனையும் பாத்துட்டு, புடவையையும் முதலாளிகிட்ட குடுத்துட்டு வரலாம்னு கிளம்பினோம். போக வர அம்பது கிலோமீட்டர் சொச்சம். போறப்போ ராஜா மாதிரி போச்சு. வர்றப்போ எதிர்க்காத்து. பாதி வழியில முக்கிச்சு, முனகிச்சு, உட்கார்ந்துடிச்சு. பேட்டரியோ பழைய ஈயம் போட்ட பேட்டரி, ஒண்ணில்ல நாலு. தள்ளிப் பாரு தெரியும். செத்த எருமையக் கூடத் தள்ளிடலாம்.

அப்பால ரைஸ் மில்லுக்கு நெல்லு ஏத்திக்கினு போன டிராக்டர்க்காரன் எரக்கப்பட்டு மேல தூக்கிப் போட்டான். ஆரணி அரிசின்னா ஊர் பூரா பேரு இல்ல? அந்த நெல்லு மூட்டை மேல உட்கார்ந்து ஆரணி நெசவாளியும் ஊர் வந்து சேர்ந்தான். எங்க வூட்டுக்காரி வூடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. அதுதான் எனக்கு பயமாப் போச்சு.

அன்னிலேர்ந்து ஒரு பழக்கம். கம்பெனி சொல்ற கிலோமீட்டரு ஜோசியன் சொல்ற ஆயுசு மாதிரி. கேட்டுக்கோ, நம்பி கடன் வாங்காத. இப்ப வெச்சிருக்கற வண்டி லித்தியம் பேட்டரி. அதுக்குத் தனியா ஒரு மீட்டர் மாட்டி, கதவுல சாக்பீஸால கோடு போட்டு ஒரு மாசம் கணக்கு எழுதினேன். செவுத்துலேர்ந்து ரெண்டரை யூனிட் இழுத்தா, நாப்பதுக்குள்ள நிதானமா ஓட்டற எனக்கு எழுபது கிலோமீட்டர் குடுக்குது. என் பேரன் ஓட்டினா அம்பதுக்கே கொட்டாவி வுடுது. வண்டி ஒண்ணு, பேட்டரி ஒண்ணு. ஓட்டறவன் மணிக்கட்டு வேற, அவ்ளோதான். அதே எழுபதுக்கு என் டிவிஎஸ் எக்ஸெல் நூத்திருவது ரூவா பெட்ரோல் குடிக்கும். இது இருவது ரூவா கரண்ட்டுல போவுது. அத்த நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

கைத்தறிக்காரனுக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் சும்மா குடுக்குது சர்க்காரு. அதுல வண்டிக்கும் ஏத்திக்கலாமான்னு ஒருத்தன் என்கிட்ட வந்து கேட்டான். தறிக்குக் குடுத்தது தறிக்குடான்னு சொன்னேன். ராத்திரி அவன் வூட்டு ஜன்னல்ல பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது. நான் பாக்கல.

இன்னிக்கு நம்ம பக்கத்துலயே எல்லாம் வந்துடிச்சு. ராணிப்பேட்டையில 2021ல ஆம்பியர் வண்டிக்கு பேக்டரி தொறந்தாங்க. போச்சம்பள்ளியில ஓலா, ஓசூர்ல ஏதரு, டிவிஎஸ்ஸு. 1980ல டிவிஎஸ் 50 வந்தப்போ, இது வண்டியா கொசுவான்னு சிரிச்ச ஊரு இது. அப்பால அந்தக் கொசு மேலதான் பாவு, பட்டு, பொண்டாட்டி, புள்ளைங்க, பால் கேனு எல்லாம் போச்சு. அதனால எந்தப் புது வண்டியப் பாத்தும் நான் சிரிக்கறதில்ல. வாங்கறவனப் பாத்துத்தான் சிரிக்கறேன். 2023 ஜூன்லேர்ந்து கரண்ட் வண்டி மானியம் கொறையுதுன்ன ஒடனே, மே மாசம் அடிச்சிக்கினு போயி வாங்கினாங்களே! முகூர்த்தத்துக்கு மொத நாளு ஜவுளிக்கடையில கூட்டம் பாத்திருக்கியா? அதேதான். எந்த ஊருக்குப் போவணும், எவ்ளோ சுமை, மாடி வூடா கீழ் வூடா? எவன் யோசிச்சான்?

புதுசு புதுசுன்னு குதிக்கறியே, 1897லயே நியூயார்க்குல பேட்டரி வாடகை வண்டி ஓடிச்சாம். உன் போன்ல கீற ஆப்பு கூடப் புதுசில்ல. அதுக்குக் கொள்ளுத் தாத்தா இந்தத் தறி மேல தொங்குது பாரு, ஜக்கார்டு. 1804ல ஒரு பிரெஞ்சுக்காரன் கண்டுபுடிச்சது. அட்டையில ஓட்டை இருந்தா நூலு தூக்கும், இல்லன்னா தூக்காது. அந்தக் கணக்குலேர்ந்துதான் கம்ப்யூட்டரே கிளம்பிச்சுன்னு படிச்சவங்க சொல்றாங்க. ஆனா ஒண்ணு கண்ணு, என் ஜக்கார்டு ஒரு நாளும் "இரு, அப்டேட் ஆவுறேன்"னு நின்னதில்ல.

நல்லதும் சொல்லணும் இல்ல? முட்டி தேஞ்ச கெழவனுக்கு கிக்கர் ஒதைக்கற வேல இல்ல. நம்ம நெசவாளர் சந்துல வண்டியத் திருப்ப முடியாது. ரிவர்ஸ் பட்டன அமுக்கினா கன்னுக்குட்டி மாதிரி பின்னால வருது. முக்கியமா, பட்டுக்கு பெட்ரோல் வாசனை ஒட்டறதில்ல. பழைய வண்டியில கார்பரேட்டர் ஒழுகும். புடவையப் பிரிச்ச ஒடனே முதலாளி மூக்கச் சுளிப்பாரு, கூலியில அம்பது கொறைப்பாரு. அந்த வாசனைக்கு நான் குடுத்த காசச் சேத்தா ஒரு டயரே வாங்கியிருக்கலாம்.

சத்தம்தான் இல்ல. அது நல்லதுன்னு நெனைக்கறியா? தறிக்காரன் கண்ணால நெய்யறதில்லடா, காதால நெய்யறான். நாடா போற சத்தம் மாறினா எங்கயோ நூல் அறுந்துடிச்சுன்னு தெரியும். எக்ஸெல்லு சத்தம் மாறினா பிளக்குல கரி. இந்த ஊமை வண்டிகிட்ட காத வெச்சு இன்னா பண்றது? அதனால கைய வெக்கக் கத்துக்கினேன். சார்ஜ் ஏறும்போது பிளக்கத் தொட்டுப் பாரு. சார்ஜர் வெதுவெதுன்னு இருந்தா அது அதோட கொணம். பிளக்கு சுட்டா செவுத்து சாக்கெட்டு லூசு. அத்த மாத்து. இருவது ரூவா டூ-பின்ல, எர்த்து இல்லாம, எக்ஸ்டென்ஷன் ஒயரு இழுத்து வண்டிக்கு சார்ஜ் போடறவன நான் வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டேன். வெயில்ல ஓட்டிக்கினு வந்த சூட்டோட சொருவாத. அரை மணி ஆறட்டும். நீ மட்டும் வெயில்லேர்ந்து வந்த ஒடனே சோத்துல கை வெக்கறியா?

இதுல நான் தமாஷ் பண்ண மாட்டேன். 2022 மார்ச்சுல நம்ம வேலூர்ல, வூட்டுல சார்ஜ் போட்ட வண்டி ராத்திரி தீப்புடிச்சு, அப்பனும் மவளும் பொகையில மூச்சடைச்சுப் போயிட்டாங்க. அதே வருஷக் கடைசியிலதான் பேட்டரி சோதனைக்கு மத்திய சர்க்காரு விதியக் கடுமையாக்கிச்சு. விதி கீது, சரி. நம்ம வூடு எப்படி கீது? முன் அறையில தறி, மரம், நூலு, அட்டை, பக்கத்துலயே பாய். அங்க கொண்டாந்து ராத்திரி பூரா சார்ஜ் போடுவியா? என் வண்டி வெளிய தாழ்வாரத்துல, நான் முழிச்சிருக்கும்போதுதான் கரண்ட்டு குடிக்கும்.

அப்பால இந்த பேட்டரி போட்ட சாமானுங்க. பேரன் ஒரு பேட்டரி டிரில்லு வாங்கியாந்தான். பெட்டி மேல பெருசா "98 விஎப்"புன்னு போட்டிருக்குது. விஎப்னா இன்னாடான்னேன். பவரு தாத்தான்னான். பேட்டரியக் கழட்டி மீட்டர் வெச்சேன், 20 வோல்ட்டு சொச்சம் காமிச்சுது. உள்ள அஞ்சு செல்லு. ஒண்ணு முழுசா ஏறினா 4.2, அஞ்சுக்கு 21. கொஞ்சம் எறங்கினா ஒண்ணு 3.6, அஞ்சுக்கு 18. 18ன்னு ஒருத்தன் விக்கறான், 20ன்னு ஒருத்தன், 21ன்னு ஒருத்தன். எல்லாம் ஒரே அஞ்சு செல்லுதான். 98 எங்கேர்ந்து வந்துச்சு? அச்சடிக்கறவன் வாயிலேர்ந்து. ஜரிகைய ஒரசிப் பாத்து வாங்கற ஊருல, பட்டு நூலக் கொளுத்தி மோந்து பாக்கற வம்சத்துல பொறந்த புள்ள, அட்டைப் பெட்டியப் பாத்து ஏமாந்துடிச்சு. இதுவரைக்கும் அந்த டிரில்லால ஒரு வேல நடந்திருக்குது: காலண்டர் மாட்டினான். எங்க வூட்டுக்காரி பழைய தையல் மிஷின் மோட்டார ராட்டையில கட்டி தார் சுத்தறா. அதுல விஎப்பும் இல்ல, லைட்டும் இல்ல. தெனமும் ஓடுது.

வண்டிக்கு நான் வெச்சிருக்கற சாமானு கொஞ்சம்தான். ஒரு மீட்டரு, டெஸ்டரு, நல்ல ஸ்பானரு, காத்தடிக்கற பம்பு. காத்து கொறைஞ்சா கிலோமீட்டரும் கொறையும், இத்த எந்த ஆப்பும் அழுத்திச் சொல்லாது. பின் சக்கரம் பஞ்சரானப்போ பஞ்சர்க்காரரு கையெடுத்துக் கும்புட்டாரு: "அண்ணே, சக்கரத்துக்குள்ள மோட்டாரு கீது, ஒயரு வெளிய வருது, நான் தொட மாட்டேன்." நானே உட்கார்ந்தேன். பின்னின மாதிரி ஒயரு அச்சுக்குள்ள பூந்து போவுது. அந்தப் பக்கம் நாலு வாஷரு, இந்தப் பக்கம் மூணு, அதுல ஒண்ணு மட்டும் பல்லு வெச்சது. ஒண்ணு எடம் மாறினா அச்சு சுத்திக்கினு ஒயர அறுத்துடும். இன்னா பண்ணேன் தெரியுமா? கழட்ட கழட்ட வரிசை மாறாம பட்டு நூல்ல கோத்தேன், வலப்பக்கத்துக்கு செவப்பு, எடப்பக்கத்துக்கு பச்சை. மாட்டும்போது மாலையப் பிரிக்கற மாதிரி ஒண்ணொண்ணா உருவினேன். பஞ்சர்க்காரரு ஸ்டூலு போட்டு உட்கார்ந்து பாத்துக்கினு இருந்தாரு. இப்ப அவருகிட்டயும் ரெண்டு கலர் நூல்கண்டு கீது.

எவ்ளோ ஆச்சு பாரு உன் வண்டி? 62 பர்சென்ட்டா? கிழிஞ்சுது. எழுந்திரு. சேவூர்ல பாவு குடுக்கணும், என் வண்டியில பின்னாடி ஏறு. பாவ மடியில வெச்சுக்கோ, கசக்காத, போன உள்ள வெய். சந்து முனையில கோழிங்க மேயும், அதுங்களுக்கு இந்த வண்டி வர்றதே தெரியாது. நான் ஓட்டறேன், நீ கத்திக்கினு வா.