லாரித் தலைவரின் தொண்டர்

வயது நாற்பத்தைந்து இருக்கும். வீட்டுக் கடன் தவணை, மகளின் டியூஷன் ஃபீஸ், அப்பாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் தேதி தவறாமல் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத குடும்பஸ்தர். படுக்கையறைக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். பட்டுப்புடவைகள் இருந்த அலமாரி அது. புடவைகள் பரணுக்குக் குடிபோய்விட்டன. அந்த இடத்தில் சின்ன எல்.இ.டி. வெளிச்சத்தில் ரோபாட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. மடக்கித் திருப்பினால் ஒன்று காராகும், ஒன்று லாரியாகும், ஒன்று போர் விமானமாகும். மடக்கித் திருப்ப உங்களுக்கு அனுமதி கிடையாது.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்கிற இந்த உருமாறும் பொம்மைகள் மேல் பைத்தியம் உலகம் முழுக்க உண்டு. நம்மவர் அதன் சென்னைக் கிளை. பொம்மையை வாங்குவதுகூட அவருக்கு இரண்டாம்பட்சம்தான். வாங்கியதில் குறை கண்டுபிடிப்பதில்தான் ஜென்ம சாபல்யம்.

பார்சல் வந்த இரவு, வீடு அடங்கிய பிறகு, சாப்பாட்டு மேஜையை ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பார். விளக்கத்தாள் பறக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்துவார். மே மாதமானாலும் இதில் சலுகை இல்லை. பெட்டியைத் திறந்ததும் முதலில் ஒரு முகர்வு. அப்புறம் செல்போன் டார்ச்சில் பெயிண்ட் பரிசோதனை. அப்புறம்தான் தோள்பட்டையைப் பிடித்து மெல்லத் திருகுவார். டிக். டிக். மூன்றாவது டிக் வரவேண்டிய இடத்தில் ஒரு மெத்தென்ற வழுக்கல். முகம் சுருங்கிவிடும். மார்கழிக் கச்சேரியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பாடகி காந்தாரத்தைத் தொடுவதற்கு முன்பே உதட்டைப் பிதுக்குகிற மாமா இருக்கிறாரே, அவருக்கு இவர் தூரத்து உறவு.

"இடது பக்கம் லூஸ்" என்று இருட்டைப் பார்த்துச் சொல்வார். லூஸுக்கு வைத்தியமும் கைவசம் உண்டு. உருண்டை மூட்டானால் அதைக் கழற்றி, அதன் முனையில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு சொட்டு தடவி, நன்றாகக் காயவிட்டு மறுபடி மாட்டினால் மூட்டு கிண்ணென்று நிற்கும். அந்த வீட்டில் நகப்பூச்சு பாட்டில் மாதம் ஒன்று காலியாகிறது. மனைவி நகப்பூச்சு போட்டு யாரும் பார்த்ததில்லை.

அடுத்தது முதுகு. இதில் நம்மவருக்கு இயற்பியலோடேயே தகராறு. கார் ரோபாட்டாகும்போது கதவும் கூரையும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? போகக் கூடாது என்பது அவர் கட்சி. பாதிப் பொம்மைகளில் கூரை முதுகில் மூட்டையாகத் தொங்கும், கதவு முழங்கையில் இறக்கை மாதிரி விரிந்து நிற்கும். இந்த மிச்சசொச்சத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் கிபிள். "கிபிள் ஜாஸ்தி சார், பார்க்கவே சகிக்கலை" என்று அவர் சொல்லும்போது, நெருங்கிய சொந்தத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய துயரம் அளவு. லாரிக்குப் பக்கத்தில் கார் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும், விமானம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஸ்கேலும் கையுமாக அலைவார். பாவம், இந்தக் கணக்கு அவர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோதே தப்பிவிட்டது. ஜப்பானில் டகாரா கம்பெனி இரண்டு தனித்தனி வரிசைப் பொம்மைகளைச் செய்துகொண்டிருந்தது. டயாக்ளோன் வரிசைக் கார்கள் நிஜக் காரில் அறுபதில் ஒரு பங்கு. உள்ளே உட்கார விரல் நுனி அளவுக்கு ஒரு குட்டி ஓட்டுநர் வேறு. மைக்ரோ சேஞ்ச் வரிசையில் டேப் ரெக்கார்டர், கைத்துப்பாக்கி போன்றவை. அவை ஏறக்குறைய நிஜ அளவு. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இரண்டையும் வாங்கி, ஒரே பெயரில் கலந்துகட்டி, 1984இல் கடைக்கு அனுப்பியது. விளைவு, நல்லவர்களின் தலைவரும் பிரம்மாண்ட லாரியுமான ஆப்டிமஸ் பிரைமுக்குப் பரம எதிரி மெகட்ரான், கையில் பிடிக்கிற ஒரு வால்தர் துப்பாக்கி. இந்தப் பொம்மைகளை வைத்துத் தொடர் எடுத்த கார்ட்டூன்காரர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. மெகட்ரான் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டுச் சுருங்கி, தன் அடியாளின் கையில் போய் உட்கார்ந்துகொள்வார்; பிள்ளைகளும் கைதட்டின. நம்மவர் மட்டும் நாற்பது வருஷம் கழித்து ஸ்கேலை வைத்துக்கொண்டு நியாயம் கேட்கிறார்.

மதிப்பெண் போடும் வியாதி அவராகத் தேடிக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. பெட்டியே கற்றுக்கொடுத்தது. அந்த நாளில் ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கமும் ஒரு வரைபடம் இருக்கும். கூடவே வரும் சிவப்புக் கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்தால் பலம், அறிவு, வேகம், துணிச்சல் என்று பத்துக்கு எத்தனை என்பது தெரியும். ஆப்டிமஸ் பிரைம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பத்து. வேகத்திலும் சுடும் திறனிலும் மட்டும் எட்டு. இந்த இரண்டு எட்டும் நம்மவருக்கு ஆறாத ரணம். அந்தக் குணநலன்களையும் பெரும்பாலான பெயர்களையும் எழுதியவர் மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி. ஆப்டிமஸுக்குப் பெயர் வைத்தது மட்டும் டென்னிஸ் ஓ'நீல். இதை நீங்கள் கேட்கவில்லைதான். கேட்காமலே சொல்வார்.

1986 என்றால் அவர் குரல் இறங்கும். அந்த வருஷம் வந்த கார்ட்டூன் திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைமைச் சாகடித்துவிட்டார்கள். பழைய பொம்மைகளை ஓரங்கட்டிப் புதுசுகளை விற்க வேண்டும், காரணம் அவ்வளவுதான். அமெரிக்கத் தியேட்டர்களில் குழந்தைகள் விம்மி விம்மி அழுதார்கள். எதிர்ப்புத் தாங்காமல் தொலைக்காட்சித் தொடரில் தலைவரை உயிர்ப்பித்தார்கள். நம்மவர் படத்தைப் பார்த்தது இருபது வருஷம் கழித்து, கம்ப்யூட்டரில். அதனாலென்ன, துக்கத்துக்குத் தேதி உண்டா? எம்.ஜி.ஆர். மறைந்தது எந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள். "எண்பத்தேழு. தலைவருக்கு அடுத்த வருஷம்" என்பார்.

பழைய பொம்மைகள் சிலவும் அவரிடம் உண்டு. போலிகளைக் கண்டுபிடிக்க 1985இல் ஒரு ஸ்டிக்கர் கொண்டுவந்தார்கள். கட்டைவிரலால் தேய்த்தால் அந்தச் சூட்டில் நல்லவனா கெட்டவனா என்கிற சின்னம் தெரியும். சென்னையில் தேய்க்கிற வேலையே இல்லை. ஏப்ரல் பிறந்தால் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் வேடிக்கை தங்க நிறப் பொம்மைகள். மினுக்குப் பொடி கலந்த அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் வருஷம் ஆக ஆக உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். 1988இல் ஜப்பானில் வந்த பிளாக் ஸராக் இந்த நோய்க்குப் பேர்போனது. தொட்டால் பிஸ்கட்டாக உதிரும். ஆக, உருமாறும் என்பதற்காகவே காசை இறைத்து வாங்கி, உருமாற்றினால் போச்சு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பதுதான் இதில் உச்சநிலை. அமெரிக்காவில் பெட்டியோடு அக்ரிலிக் கூண்டில் அடைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு சீல் வைத்துத் தரும் நிறுவனமே இருக்கிறது. நம்மவர் அவ்வளவு தூரம் போகவில்லை. போகமாட்டார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் வேறு ஒரு கூத்து. பொம்மைக்கு இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது. 2020இல் 60 ஆனது, 2023இல் 70. தரச் சான்று தனி. அந்த விதியோ 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கு. இவர் வாங்கும் ஜப்பானியப் பெட்டியில் 15 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். ஆகையால் சுங்கத்துக்கு எழுதும் கடிதத்தில், "இது பொம்மை அல்ல, சேகரிப்புப் பொருள்." மகள் கை நீட்டினால், "தொடாதேடா கண்ணு, இது பொம்மை இல்லை." மனைவி விலை கேட்டால் மட்டும், "சும்மா ஒரு பொம்மைதாம்மா."

அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"ஏங்க, இந்த லாரிதான் ஏற்கெனவே ரெண்டு இருக்கே?"

"அது மாஸ்டர்பீஸ் வரிசையில ஒண்ணாம் நம்பரும்மா, 2003. ரொம்பப் பெரிசு, காரோட நிறுத்த முடியாது. இது 2011ல வந்த பத்தாம் நம்பர், அளவு கரெக்ட். இப்ப வந்திருக்கிறது நாப்பத்திநாலு."

"மூணும் ஒரே சிவப்பு லாரி."

"சிவப்புல வித்தியாசம் இருக்கு."

மூன்றாவது லாரிக்கும் அன்றிரவு பரிசோதனை நடந்தது. விடிகாலை வரைக்கும் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினார். முழங்கால் தகடு சரியாகப் பொருந்தவில்லை. வலது காது ஒரு முடியளவு கோணல். மடக்குவதற்குள் நகம் பெயர்ந்துவிடும். இந்த விலைக்கு இது அநியாயம். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"இவ்வளவு மோசமா இருந்தா திருப்பி அனுப்பிடுங்களேன்."

"எப்படிம்மா? இன்னொண்ணுக்கும் பணம் கட்டியாச்சு. இது பிரிச்சுப் பார்க்க. அது பிரிக்காம வெக்க."

"அதுலயும் இதே கோளாறெல்லாம் இருக்குமே?"

"பிரிச்சாத்தானே தெரியும்" என்றார்.