பிளக்குக்கு ஜாதகம் பாக்காதடே

ஏலே, நீ தேடுத சாமான் செத்துப் போச்சுன்னு எவம்லே சொன்னான்? கம்பெனிக்காரன் செய்யறத நிறுத்திட்டான், அம்புட்டுதான். அது பேரை மாத்திக்கிட்டு உன் தெருமுக்குக் கடையிலயே தொங்கிக்கிட்டு இருக்கும். நீ அதுக்குக் கீழயே நின்னுக்கிட்டு செல்போன்ல ஜெர்மனியைத் துழாவுத.

உன் கூத்தை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மக்கா. பரண்ல கெடந்த கிரண்டிக் டேப் ரிக்கார்டரை எறக்குன. துடைச்ச. பாலீஷ் போட்ட. போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புன. பழசுன்னு சொன்னா கவுரவக் கொறச்சலு, அதனால ‘விண்டேஜ்’னு ஒரு பட்டம் வேற. இது பாடவும் செய்யுமோங்கிற நெனப்பு கடைசியிலதான வந்துச்சு? அப்பத்தான் பாத்தா வயரைக் காணும், பிளக்கைக் காணும்.

உடனே என்ன செஞ்ச? புஸ்தகத்துல போட்டிருந்த பார்ட் நம்பரைத் தாள்ல எழுதிக்கிட்டுக் கெளம்பிட்ட. கேட்ட எடமெல்லாம் ‘இப்ப வாரதில்ல சார்’னுதான் சொல்லுவான். பின்ன? ஜாதகத்தை மட்டும் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் பொண்ணு தேடுனா அமையுமாடே? ஜாதகத்தை மடிச்சு வை. ஆளைப் பாரு. எத்தன முள்ளு? முள்ளு எவ்வளவு தடி? ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர்? முக்கியமா, ஆணா பொண்ணா? அதைப் பாக்காம ரெண்டையும் ஆணா வாங்கிட்டு வந்து முட்ட வச்சுக்கிட்டு நிக்க பயலுக எத்தன பேரு! வெளிக்கூட்டைப் பாத்து முடிவு கட்டாத. உள்ள முள்ளு இருந்தா ஆணு, ஓட்டை இருந்தா பொண்ணு.

இப்ப உன் கிரண்டிக்குக்கு வருவோம். தகரக்கூட்டுக்குள்ள அஞ்சு முள்ளு, கூட்டோட குறுக்களவு 13.2 மில்லிமீட்டர். ஜெர்மன்காரன் தரம் வகுத்த டின் (DIN) பிளக்கு. ஐரோப்பாக்காரன் செஞ்ச டேப்பு, ரிக்கார்டு பிளேயர் பாதிக்கு இதுதான். இதுவா வழக்கொழிஞ்ச சாமான்? 1981-ல ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டர் கொண்டாந்தானே, அந்தக் கீபோர்டு வயர் நுனியில இருந்தது இதே அஞ்சு முள்ளு. 1983-ல மின்னிசைக் கருவிகளை ஒண்ணோட ஒண்ணு கோக்க ‘மிடி’னு ஒரு ஏற்பாடு வந்துச்சு. அதுக்கும் இதுவேதான். இன்னைக்கும் மெல்லிசைக் கச்சேரியில கீபோர்டுக்குப் பின்னால எட்டிப்பாரு, கண்ணுல படும். ஒண்ணு மட்டும் கவனிச்சுக்க. அஞ்சும் சரியா அரைவட்டத்துல நிக்கணும். அதைத் தாண்டி 240 டிகிரிக்கு விரிஞ்சு நிக்கதும் உண்டு. அது வேற வம்சம், இதுல ஏறாது.

சொன்ன உடனே மிடி வயரு வாங்க ஓடுதியே, நில்லு! அவசரக்குடுக்கை. அந்த வயர்ல பலதுல 4, 5, 2 இந்த மூணுக்குத்தான் உள்ள கம்பி போகும். மத்த ரெண்டு முள்ளு சும்மா அழகுக்கு. உன் டேப்புலயோ 3-லயும் 5-லயும் பாட்டு வருது, 2 எர்த்து. மிடி வயரைச் சொருகுனா ஒரு பக்கம் பாடும், ஒரு பக்கம் ஊமை. அப்பறம் ‘பெட்டியில ஹெட்டு போச்சு தாத்தா’ம்ப. பழைய கீபோர்டு வயரை வெட்டி ஒட்டுனாலும் பெரும்பாலும் இதே கதைதான், அதுலயும் 3-ஆம் முள்ளு வெறுமனே கெடக்கும்.

அதனால வயரு வேண்டாம், வெறும் பிளக்கை மட்டும் வாங்கு. சென்னையில இருக்கவனுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. மத்தவனுக்குத் தபால் இருக்கு. வாங்குனதும் நேரா சூட்டுக்கோலை வைக்காத. உள்ள இருக்கது பிளாஸ்டிக்கு. சூடு பட்டதும் இளகி முள்ளு ஆளுக்கொரு திசையில சாஞ்சிரும். முதல்ல பொண்ணு சாக்கெட்டு ஒண்ணை எடுத்து அதுல இதைச் சொருகி வை. இப்ப முள்ளு அசையாது. வயர் நுனியில ஈயம் பூசிக்க. முள்ளோட குழியிலயும் ஒரு சொட்டு விடு. ரெண்டையும் சேத்து ரெண்டு எண்ணுறதுக்குள்ள கோலை எடுத்துரு. முள்ளு வரிசை 1, 2, 3-னு வராது. 1, 4, 2, 5, 3-ன்னு வரும். முதல்ல மூணே முள்ளுதான் இருந்துச்சு, பின்னால வந்த 4-ம் 5-ம் நடுவுல எடம் புடிச்சுக்கிட்டுதுக. இன்னொண்ணு, கூட்டை வயர்ல மொதல்லயே கோத்துக்கிட்டியா? எல்லாம் பத்த வச்சு முடிச்ச பெறகு மேசை மேல கூடு தனியா கெடக்கதப் பாத்துத் தலையில அடிச்சுக்காத ஆளு இந்தத் தொழில்லயே கெடையாது.

உன் சிநேகிதன் ஒருத்தன் வால்வு ரேடியோ வச்சுக்கிட்டு எட்டு முள்ளு பிளக்குக்குத் தவம் கெடக்கானாமே? அவன்ட்ட சொல்லு. அது 1935-ல அமெரிக்காவுல வந்த ஆக்டல் கணக்கு. எலக்ட்ரிக் சாமான் கடையில, மோட்டார் பேனலுக்குன்னு எட்டு முள்ளு ரிலேயும் அதுக்கொரு பேஸும் விக்கான்லா, அதே அளவுதான். கடைக்காரன்ட்ட ‘ஆக்டல்’னு கேட்டா முழிப்பான். ‘எட்டு பின் ரிலே பேஸ்’னு கேளு, பேசாம எடுத்துப் போடுவான். ஆனா கொதிக்கிற பவர் வால்வுக்கு அந்த பிளாஸ்டிக்கு தாங்காது, பீங்கான் பேஸ்தான் வேணும். இஎல்34, கேடி88னு கிதார்க்காரனும் பாட்டுப் பித்தனும் இன்னைக்கும் வால்வு வாங்குதான், அதனால பீங்கானும் புதுசாவே வருது.

அதுக்கு ஆண் பிளக்கு? அதையும் தேட வேண்டாம். செத்த வால்வு ஒண்ணு கெடக்குல்லா? சாக்குத்துணியில சுத்தி கண்ணாடியைத் தட்டி உடை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்க, சொல்லிட்டேன். அடிப்பாகத்துல இருக்க சிமிட்டியைச் சொரண்டு. முள்ளு எல்லாம் உள்ள குழலா இருக்கும். நுனியில கோலை வச்சு ஈயத்தை உருக்கி ஒரு ஊது ஊது, பழைய கம்பி வெளிய வந்துரும். அதே குழல்ல புது வயரைக் கோத்து நுனியில ஈயம் வை. முடிஞ்சுது சோலி. நடுவுல இருக்க மூக்கு உடையாமப் பாத்துக்க. அது போனா எந்தப் பக்கமும் ஏறும், பெட்டியில புகைதான் வரும்.

அடுத்து கரண்டு பிளக்கு. உருண்டை முள்ளைப் பாத்து நம்ம பயலுக மூக்கைச் சுளிக்கான். இங்கிலீஷ்காரன் 1947-ல சதுர முள்ளுக்குத் தரம் வகுத்து, மெல்ல மெல்ல அதை விட்டுட்டான். இன்னைக்கு லண்டன்ல பழைய ரேடியோ வச்சிருக்கவனுக்கு அது புதையலு. நமக்கோ மளிகைக்கடையிலயே தொங்குது! இதுல வேடிக்கை, அங்க நாடகக் கொட்டகையில மட்டும் விளக்குக்கு 15 ஆம்பியர் உருண்டை முள்ளை இன்னும் விடல. ஏன்னு கேளு. சதுர முள்ளு பிளக்குக்குள்ள ஃபியூஸ் உண்டு. நாடகம் நடக்கும்போது அது போனா எவம்லே ஏணி வச்சு உச்சிக்கு ஏறுவான்?

பெட்டிக்குள்ள இருக்க போர்டு கனெக்டருக்கு ஸ்கேலை நம்பாத, வெர்னியர் வாங்கு. 2.54 மில்லிமீட்டர்னு ஒரு வகை, 2.5னு ஒரு வகை. நாலு முள்ளுல ரெண்டும் ஒண்ணுதான், மாத்திப் போட்டாலும் ஏறிரும். இருபது முள்ளுக்கு வந்தா கடைசி முள்ளு முக்கால் மில்லிமீட்டர் தள்ளி நிக்கும். அங்க வச்சு அமுக்குதியே, போர்டுதான் விரியும்.

ஒரு எடத்துல மட்டும் நான் சிரிக்க மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய ரேடியோவுல சேசிஸ்லயே கரண்டு நிக்கும். ரெண்டு முள்ளுதானே இருக்கு, மூணு முள்ளாக்குனா பத்திரம்னு நெனச்சு எர்த்து வயரைச் சேசிஸ்ல கட்டிராத. ஃபேஸ் சேசிஸ் பக்கம் வந்துச்சுன்னா ஃபியூஸ் வெடிக்கும். வயரைப் புடுங்குன பெறகும் கண்டன்சருக்குள்ள 300 வோல்ட் காத்துக்கிட்டு இருக்கும். தெரிஞ்சவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தொடு.

சரி, அந்தச் சிநேகிதன் இன்னும் ‘ஒரிஜினல்தான் வேணும், அந்தக் காலத்துப் பெட்டி பிரிக்காத சரக்கு’ங்கானா? வாங்கட்டும். காசு அவன் காசு. அம்பது வருசம் அட்டைப்பெட்டிக்குள்ள கெடந்தாலும் வெள்ளி முள்ளு கறுத்துத்தான் இருக்கும். ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டு மேல இருக்க அழுக்கை மட்டும் துடை. பாட்டி குத்துவிளக்கு தேய்ச்ச மாதிரிப் புளியைப் போட்டுத் தேய்ச்சிராத. உப்புத்தாளும் வேண்டாம், முலாம் போயிரும். ஒரிஜினல் பிளக்கு போட்டா பாட்டுக்காரிக்குத் தொண்டை இன்னும் கொஞ்சம் நல்லாவா இருக்கும்? பிளக்கு பெட்டிக்குப் பின்னால செவுத்தைப் பாத்துல்லா நிக்கு?

ஆமா, இவ்வளவும் கேட்டியே, அந்தப் பெட்டியோட மூடியைக் கழத்தி உள்ள இருக்க ரப்பர் பெல்ட்டைத் தொட்டுப் பாத்தியாலே? அந்த வயசு பெல்ட்டு உருகிப் பிசுபிசுன்னு சக்கரத்துல அப்பிக் கெடக்கும். அதுக்கு நீளமும் தடிமனும் அளந்துட்டு வா, பேசுவோம். நம்பரை மட்டும் எழுதிக்கிட்டு வந்துராத.