ஆற்றோரம் அடிதடி மூட்டுவது எப்படி?

புதிதாய்ப் பொறுப்பேற்ற அதிகாரிகளே, தண்ணீர்ச் சண்டை மூளப் பஞ்சம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு ஓடும்போதே மூட்டிவிடலாம்.

கென்யாவின் மிக நீளமான ஆறான தானாவைப் பாருங்கள். கடலோடு சேரும் பக்கம், கரையோரத்தில் நெல், வாழை, மா வைத்துப் பிழைப்பவர்கள் போக்கோமோ மக்கள். மாடு மேய்ப்பவர்கள் ஓர்மா மக்கள். கோடையில் குட்டைகள் வற்றியதும் மந்தை ஆற்றுக்கு வந்தே தீரவேண்டும். அது வருகிற தடத்துக்கு ‘மல்கா’ என்று பெயர். கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

தயவுசெய்து நேரில் போய்விடாதீர்கள். போனால், இரண்டு தோட்டங்களுக்கு நடுவே குளம்பு பட்டுப் பட்டுத் தேய்ந்த மண்தடம் தண்ணீரில் இறங்குவது கண்ணில் பட்டுத் தொலைக்கும். இரு தரப்பும் பேசி வைத்து விட்ட வழி அது என்று தெரிந்துபோகும். வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதில் தடமே இருக்காது. அப்புறம் கரை நிலத்துக்குப் பட்டா என்று அறிவியுங்கள். போக்கோமோக்கள் வரவேற்பார்கள், ஓர்மாக்கள் எதிர்ப்பார்கள். முன்பு அப்படித்தான் நடந்தது. 2001-இல் ரத்தமும் சிந்தியது.

ஆற்றின் மேற்பகுதியில் மின்சாரத்துக்கு அணை கட்டுங்கள். மசிங்கா அணை 1981-லேயே வந்துவிட்டது. வெள்ளம் குறைந்தால் வயலுக்கு வண்டல் இல்லை, மாட்டுக்குப் புல் இல்லை. இரு தரப்பும் மிச்ச ஈரத்தைத் தேடி ஒரே இடத்துக்கு வந்து சேரும். போதாவிட்டால் ஏறக்குறைய 20,000 ஹெக்டேருக்குக் கரும்புத் திட்டம் ஒன்றைக் கோப்பில் போட்டு வையுங்கள். தானா கழிமுகத்துக்கு அப்படியும் ஒன்று போட்டார்கள்.

தண்ணீர்ச் சட்டப்படி நீர்ப் பயனாளர் சங்கம் அமைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். தாராளமாக அமையுங்கள். கூட்டத்தை மட்டும் மந்தை தொலைதூரத்தில் மேய்கிற மாதத்தில் வையுங்கள்.

தெற்கு எத்தியோப்பியாவின் போரானா மக்கள் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. அங்கே ஆழ்கிணற்றுக்குள் ஆட்கள் ஒருவருக்கு மேல் ஒருவராக நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றித் தண்ணீர் ஏற்றுகிறார்கள். எந்த மந்தைக்கு எந்த நாள் என்று முறை வகுக்க ‘அபா ஹெரேகா’ என்று ஒருவர் இருக்கிறார். பட்டாவும் இல்லை, கோப்பும் இல்லை. உங்கள் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள்.

மறுபடி தானாவுக்கு வருவோம். 2012 ஆகஸ்டில் அதன் கழிமுகத்தில் உள்ள ரிக்கேட்டா கிராமத்தில் 50-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டிசம்பரில் கிப்பாவோவிலும் அதே கதி. இந்தக் கட்டம் வந்ததும் விசாரணைக் குழு போடுங்கள், ஊரடங்கும் அறிவியுங்கள். கென்ய அரசு இரண்டையும் செய்தது. ஊரடங்கு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரைதான். மாட்டுக்குத் தாகம் எடுப்பது உச்சி வெயிலில்.