ஐசோஃபிக்ஸ் அப்பா

எந்தக் காரில் ஏறினாலும் பின் சீட்டின் சாய்மானத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் விரலை விட்டுத் துழாவுகிறவர் எவரோ, அவரே ஐசோஃபிக்ஸ் அப்பா. மற்றவர்கள் துழாவினால் கடலைத்தோலும் ஐந்து ரூபாய்க் காசும் அகப்படும். இவர் மட்டும் குழந்தை சீட்டை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் என்னும் இரண்டு இரும்பு வளையங்களைத் தொட்டுவிட்டு, "இருக்கு!" என்று நிமிர்வார். கால் டாக்ஸி டிரைவர் கண்ணாடி வழியாக இவரைக் கலவரத்தோடு பார்ப்பார்.

மனைவியின் வளைகாப்பன்று இரவு பிடித்தது இந்த நோய். ஏழு வகைச் சாதமும் செரிப்பதற்குள் கடையில் விற்கும் குழந்தை கார் சீட்டுகளையெல்லாம் எக்செல்லில் ஏற்றிவிட்டார். எல்லாரும் குழந்தைக்குப் பெயர் தேட, இவர் முத்திரை தேடினார். ஆர்44 என்றால் பழைய ஐரோப்பிய விதி, அது குழந்தையின் எடையைக் கேட்கும். ஆர்129 என்றால் புதியது, உயரத்தைக் கேட்கும். பக்கவாட்டில் இடித்தும் சோதித்திருப்பார்கள். நம் நாட்டு விதி ஏஐஎஸ்-072. இத்தனையையும் ஸ்கேன் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கி முடித்தார். அவர் வந்திருந்தது சிறுநீரகக் கல்லுக்கு.

சித்தப்பா மகன் தன் பிள்ளை உட்கார்ந்த சீட்டைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். "வண்டி எங்கயாவது இடிச்சிருக்கா? எக்ஸ்பயரி தேதி என்ன?" என்று இவர் கேட்டதோடு அந்தப் பேச்சுவார்த்தை நின்றது. விபத்தில் அடிபட்ட சீட்டுக்கு வெளியே கீறல்கூடத் தெரியாமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக்குக்கு எக்ஸ்பயரி கேட்டவர் என்ற பேர் சொந்தத்தில் நிலைத்துவிட்டது.

கடைக்காரப் பையன், "கப் ஹோல்டர் இருக்கு சார்" என்றான். "பிறந்த குழந்தைக்கு என்ன, டிகிரி காபியா?" என்று கேட்டுவிட்டு, சீட்டை வெளியே நின்ற தன் காரில் மாட்டச் சொன்னார். பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து உலுக்கினார். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசையவில்லை. கலரைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

குழந்தை பிறந்து சில மாதமான பிறகு, வீட்டில் மாமியார் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்பிள்ளை, புள்ள ரோட்டைப் பாக்க வேணாமா? இப்படித் திருப்பிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"தலை கனம், கழுத்துல பலம் இல்ல அத்தை. எதுலயாவது முட்டினா தலை முன்னாடி பாயும். இப்படி உக்காந்தா தலை, கழுத்து, முதுகு எல்லாத்தையும் சீட்டே தாங்கிக்கும். குறைஞ்சது 15 மாசத்துக்கு இப்படித்தான்."

"என் மடி தாங்காதா?"

"50 கிலோமீட்டர் வேகத்துல இடிச்சா நம்ம 7 கிலோப் புள்ள நூறு கிலோவுக்கு மேல இழுப்பான்."

"நூறு கிலோவா? பெத்த அப்பனே கண்ணு வைக்கலாமா?" என்றவர், அன்று சாயங்காலமே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்.

குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அத்தை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மாப்பிள்ளை குழந்தையின் தோள் பெல்ட்டைக் கிள்ளிப் பார்த்தார். விரலில் மடிப்பு அகப்பட்டால் இறுக்கம் போதாது. பெருங்களத்தூரில் வண்டிகள் நின்றன. கார் ஓடும்வரை தூங்கிய குழந்தை கண்ணைத் திறந்து, வாயையும் திறந்தது. "இது புள்ளையா கைதியா?" என்றார் அத்தை. எக்செல்லில் அழுகைக்கு ஒரு கட்டம் போட மறந்திருந்தார் ஐசோஃபிக்ஸ் அப்பா. பெல்ட் கழன்றது. குழந்தை மடிக்குப் போக, டயப்பர் பை சீட்டுக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட் போடாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு. அதை அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒப்பித்தவரும் இவரே.

திரும்பும்போது பங்காளி வீட்டில் ஒரு பூசணிக்காய் கொடுத்தார்கள். அதைச் சீட்டில் வைத்து, எல்லாப் பெல்ட்டும் மாட்டி, கிள்ளிப் பார்த்தார். பூசணிக்காய்க்கும் 15 மாதம் ஆகவில்லையாதலால் பின்னோக்கியே அமர்ந்தது.

"அதுக்கு எதுக்குங்க பெல்ட்டு?" என்றாள் மனைவி.

"பிரேக் போட்டா பறந்து முன்னாடி வந்துடும்ல?"

"அப்ப இவன்?"

பதில் இல்லை. "வண்டியை ஓரங்கட்டுங்க" என்றாள். குழந்தைக்குப் பால் கொடுத்து, முதுகைத் தட்டி ஏப்பம் விடவைத்து, சீட்டில் உட்காரவைத்து மாட்டினாள். கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் தூங்கிப் போனான். பூசணிக்காயை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அத்தை, ஆறு கிலோப் பூசணி 50 கிலோமீட்டர் வேகத்துல..." என்று ஆரம்பித்தார் ஐசோஃபிக்ஸ் அப்பா.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் மனைவி.