மூணு வேளை மெயில்காரர்

மெயில் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டவர்களில் இரண்டு வகை உண்டு. குறைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குறைத்துக்கொண்டதையே வேலையாகப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. எங்கள் எட்டயபுரத்துக்கு வாய்த்தவர் இந்த இரண்டாம் ரகம். சென்னைக் கம்பெனியில் உத்தியோகம். கொரோனாவில் ஊருக்கு வந்தவர், வீட்டிலிருந்தே வேலை என்று அப்படியே தங்கிவிட்டார்.

காலை பத்து, மதியம் ஒன்று, மாலை ஐந்து. இந்த மூன்று வேளை போக மெயில் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். தெருவுக்கே இது தெரியும், அவர்தான் சொன்னார். டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும்போது சொன்னார், பால் ஊற்ற வந்தவரிடமும் சொன்னார். "நான் பொறந்ததுலேருந்தே பாக்கதில்ல சார்" என்று பால்காரர் அடக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

ஆதாரம் கேட்டால் கனடாவுக்குப் போவார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 124 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2015-ல் வெளியானது. ஒரு வாரம் இஷ்டம்போல் மெயில் பார்க்கலாம், ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறைதான். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன உளைச்சல் குறைந்ததாம். நிஜம்தான். அப்படி அடக்கிக்கொண்டு இருக்க அவர்களில் பெரும்பாலோர் படாதபாடு பட்டார்கள் என்பதை மட்டும் இவர் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதுமில்லை, இவரைப் பார்த்தாலே தெரியும்.

போனை மேஜையில் கவிழ்த்து வைப்பார். சரியாகக் கவிழ்த்தோமா என்று நிமிர்த்திப் பார்ப்பார். சத்தத்தை அணைத்துவிட்டு, "இப்ப ஏதோ சத்தம் கேட்டுச்சுல்ல?" என்று மனைவியைக் கேட்பார். ஒரு நாள் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். அன்றைக்கு அடுக்களையை விட்டு நகரவே இல்லை. மத்தியானம் சாப்பிட்ட கை காயுமுன், "ராத்திரிக்கு அரிசி களையலையா?" என்றார்.

கட்டுப்பாடெல்லாம் வருகிற மெயிலுக்குத்தான், போகிற மெயிலுக்குக் கிடையாது. அனுப்பிய கையோடு போன் போடுவார்.

"அண்ணாச்சி, ஒரு மெயில் போட்ருக்கேன். பாத்துட்டீகளா?"

"இது நீங்க மெயில் பாக்கிற நேரமில்லையே, தம்பி?"

"நான் பாக்கமாட்டேன். நீங்க பாக்கலாம்ல?"

மணிமண்டபத்துப் பக்கம் நடக்கப் போனால் பாரதியையும் துணைக்கு இழுப்பார். தொந்தரவு இல்லாத காலம், அதனால்தான் அவ்வளவு எழுதினார் என்பது இவர் கட்சி. கூட நடக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"1904-ல சுதேசமித்திரன்ல அவருக்கு என்ன வேலைங்கீக? வந்து விழுற தந்திச் செய்திய அன்னன்னைக்குத் தமிழாக்கணும். 'இப்ப மணி மூணு, அஞ்சு மணிக்குப் பாக்கேன்'னா பத்திரிகை ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் விட்டுருப்பாரா? வந்ததப் பாத்தாரு, முடிச்சாரு, தன் எழுத்துக்குத் திரும்புனாரு. நீங்க பாக்காம இருக்கைலயும் மெயில்லதான இருக்கீக?"

நம்மவரின் அம்மாவுக்கு மெயிலும் தெரியாது, பாரதி பார்த்த உத்தியோகமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் புரட்டாசி. இந்தக் கரிசலில் மழைக்கு முந்தியே புழுதியில் விதைப்பது வழக்கம். உளுந்தோ பாசியோ போட்டுவிட்டு அடுத்த சோலியைப் பார்க்க வேண்டியதுதான். ஈரம் இறங்கினால் முளைக்கும். மகன் போனைப் புரட்டிப் புரட்டிப் போடுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "வெதச்சவன் நாளைக்கு நாலு தரம் கெளறிப் பாத்தா வெத மொளைக்குமாடா?"

நம்மவர் ஆடிப்போனார். இப்படி ஒரு வாசகத்தைக் கம்பெனி நடத்திய எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவர் கேட்டதில்லையாம். அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, தன் பிரிவில் உள்ள அத்தனை பேருக்கும் மெயிலில் தட்டிவிட்டார். அப்போது மணி மூன்றே கால்.

மூன்று இருபதுக்கு அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்நேரம் ஒருத்தராவது பதில் போட்ருக்கமாட்டாக?"